முழங்கை ஆழம்

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிக்கப் வண்டியின் கண்ணாடி, தெருவோரத்து மணல், பூட்டிக் கிடந்த கேட்டின் கம்பிகள், அந்தக் கேட்டில் சாய்ந்து நின்று விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்த கார்த்திகேசனின் சட்டை முதுகு, எல்லாம் நனைந்திருந்தன. கேட்டுக்கு வெளியே நின்ற அந்த இரும்பு அடுப்பு மட்டும் காய்ந்துபோய் இருந்தது.

உமாமகேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. கோத்தகிரியிலிருந்து பதிமூன்று மணி நேரம். முந்தின நாள் ராத்திரி கிளம்பியது. கடன் வாங்கி வந்த வண்டியின் சீட்டில் ஸ்பிரிங் ஒன்று கிளம்பி வழியெல்லாம் இடுப்பைக் குத்திக்கொண்டே வந்தது. பத்து வயது மகள் இனியாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. இவ்வளவும் எதற்கு? ஒரு கரி அடுப்புக்கு.

கோத்தகிரியில் அவர்கள் இரண்டு அறை வைத்து சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஹாலில் பழைய காலத்துக் கரி அடுப்பு ஒன்று நின்றால் குளிருக்கும் ஆயிற்று, வருகிறவர்கள் போட்டோ எடுக்கவும் ஆயிற்று என்பது கார்த்திகேசனின் யோசனை. காரைக்காலில் ஒருவரிடம் பிரெஞ்சுக்காரன் காலத்து அடுப்பு, கை படாத சரக்கு, விலைக்கு இருக்கிறது என்று போனில் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவன் தரையில் நிற்கவில்லை. இப்போது மத்தியானத்திலிருந்து காத்துக் கிடந்தும், விற்கிற சுப்ராயனையே காணோம்.

"எடுக்க மாட்டேங்கறாரு உமா."

"எத்தனை தடவைங்க அதையே சொல்லுவீங்க? இருபது தடவை போட்டாச்சு."

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தாள். தலையில் முக்காடு, கையில் நனைந்த துணி மூட்டை. பெயர் ஆஸியா பீவி என்று பிறகு தெரிந்தது.

"சுப்ராயனையா தேடுறீங்க? போன் உள்ளதான் இருக்கு. காலையிலேர்ந்து அடிச்சிக்கிட்டே கிடக்கு, கேளுங்க."

கேட்டார்கள். கார்த்திகேசன் மறுபடி போட்டதும், மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அய்யோ, மனுசன் உள்ள மயங்கி விழுந்து கிடந்தா?" என்றாள் உமா.

"என் மவன் அப்ரார் செவுரேறிக் குதிச்சுப் பாத்துட்டாம்மா. வீட்டுக் கதவு தொறந்தே கிடக்கு. ஆளு இல்ல. செருப்பு இருக்கு, சட்டை இருக்கு, ஆளு இல்ல." அடுப்பைப் பார்க்காமலே அதன் பக்கம் தலையை அசைத்தாள். "இது நேத்து வரைக்கும் வீட்டுக்குள்ள இருந்தது. சுபுஹு தொழுகைக்கு எழுந்திரிச்சு வாசலத் தொறக்குறேன், இங்க நிக்குது. ஒரு சத்தம் கேக்கல. கேட்டுப் பூட்டப் பாருங்க."

உமா பார்த்தாள். பூட்டு கேட்டின் உள்பக்கம் தொங்கியது.

"ஒரு மாசமா ராப்பகலா பொகை. அந்தாளு ஒரு மூட்டை கரி வாங்கி நான் பாத்ததில்ல. என்னத்தப் போட்டு எரிச்சாரோ, அல்லாவுக்குத்தான் தெரியும். கொண்டுபோயிடுங்கம்மா. துணி காயப்போட முடியல."

கார்த்திகேசனுக்குக் கொண்டுபோயிடுங்க என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. "நமக்குன்னுதானே வெளிய எடுத்து வச்சிருக்காரு? பேசி முடிச்சதுதானே? அவரு வந்ததும் போன்ல பேசிக்கறேன்" என்றபடி ஆள் தேடப் போனான்.

இரண்டு வீடு தள்ளி வலை சீர்செய்துகொண்டிருந்த சிலம்பரசன் என்பவனும் அவன் கூட்டாளியும் வந்தார்கள். அதற்குள் உமா அடுப்பருகே போய் நின்றாள். இடுப்பு உயரம், சிங்கப் பாதம் மாதிரி நான்கு கால்கள், மேலே இரண்டு வட்ட மூடிகள், முன்னால் பூவேலை செய்த ஒரு சின்னக் கதவு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. தூறல் அதன்மேல் விழுந்தது. விழுந்த துளி அப்படியே மறைந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. ஆனால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

"இது சூடா இருக்குங்க."

"வெயில்ல நின்னிருக்கும்."

"எங்கங்க வெயில்? மூணு நாளா இங்க மழையாம்."

அவன் கயிற்றை எடுக்க வண்டிப் பக்கம் திரும்பினான். அதுதான் அவளுக்கு ஆத்திரம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில், தனக்குப் பிடிக்காத கேள்விக்கு அவன் ஒரு தடவை கூடப் பதில் சொன்னதில்லை.

சிலம்பரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான், உடனே சிரித்துவிட்டான். "என்ன சார் இது, தகர டப்பா மாதிரி இருக்கு! நாலு ஆளு வேணும்னீங்க?" இரண்டே பேர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கார்த்திகேசன் மேலே ஏறி, கயிறு கட்டி, அந்தச் சின்னக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். முழங்கை வரைக்கும் போனது. பின்பக்க இரும்பில் விரல் மடக்கித் தட்டினான். டங் டங்.

"பாத்தியா? முழங்கை ஆழம்தான். நம்ம ஹாலுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி."

கதவு திறந்த அந்த நேரத்தில் ஒரு வாடை வந்தது. கரி வாடையோ சாம்பல் வாடையோ இல்லை. ஜன்னல் சாத்திய அறையில் நிறைய பேர் படுத்துத் தூங்கி எழுந்தால் வருமே, வியர்வையும் தலை எண்ணெயும் மூச்சும் கலந்த கனத்த வாடை. உமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கார்த்திகேசன் அடுப்பைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

காரைக்கால் எவ்வளவு பெரிய ஊர்? எந்தப் பக்கம் போனாலும் அரை மணி நேரத்தில் எல்லை வந்துவிடும். திருநள்ளாறு வழியாக மேற்கே போய்த் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டால், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் என்று கணக்குப் போட்டிருந்தான் கார்த்திகேசன். ஆனால் சுப்ராயன் வீடு இருந்த கடலோரக் கருக்களாச்சேரியிலிருந்து ஊருக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியருக்கு மேல் போனால் இருமியது. முதலில் டீசலில் தண்ணீர் என்றான், பிறகு கிளட்ச் என்றான். பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடிக்க, அவன் அந்த டிரைவரைத் திட்ட, உமா இவனைத் திட்ட, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் முதன்முதலாக அதைக் கேட்டாள். பின்னால் தட்டுகிற சத்தம். இரும்பை இரும்பு இடிப்பது போல இல்லை. உள்ளங்கையால் தட்டுவது போல.

"உள்ள கம்பித் தட்டு ஆடுது" என்றான்.

கோவில்பத்து வந்ததும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. அலுவலகம் விட்டு வருகிற பைக்குகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. பஞ்சர் கடைக்காரர் நஸ்ருதீன் ஜாக்கியை வைத்து ஏற்றினார். ஏறவில்லை. பெரிய ஜாக்கி கொண்டுவந்தார். அதுவும் முனகியது.

"சார், பின்னாடி இருக்குற ஆளுங்கள கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க."

"ஆளு யாரும் இல்ல பாய்."

"தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்திருக்காங்களே?"

"அடுப்பு பாய் அது. வெறும் அடுப்பு."

நஸ்ருதீன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். மறுபடி கீழே குந்தினார். பெரிய ஜாக்கியை முழுப் பலத்தோடு அழுத்தி ஏற்றினார். உமா அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தைக் கழற்றுகையில், நின்ற இடத்திலேயே வண்டியின் உடம்பு ஒருமுறை மெல்ல இடமும் வலமும் அசைந்தது, பேருந்தில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் கால் மாற்றி உட்கார்ந்தால் அசையுமே, அப்படி. அவர் கை நின்றது. பிறகு மிக வேகமாக வேலையை முடித்தார். காசைக் கையில் வாங்காமல் பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார்.

"இத இங்கயே எறக்கிப் போட்டுட்டுப் போயிடலாங்க" என்றாள் உமா, வண்டி நகர்ந்ததும்.

"உனக்கென்ன பைத்தியமா? பதிமூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்து, எறக்கிப் போட்டுட்டுப் போறதா?"

"அது கனமாயிக்கிட்டே இருக்குங்க."

"இரும்பு எப்படிடீ கனமாகும்?"

திருநள்ளாறு தாண்டும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மழை வலுத்தது. எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். சாராய பாட்டில் கடத்துகிறவர்களுக்காகத் தினம் நடக்கிற சோதனைதான். மழைக்கோட்டுப் போட்ட போலீஸ்காரர் ஒருவர் டார்ச்சோடு பின்னால் ஏறித் தார்ப்பாயை விலக்கினார். நடுத்தர வயது, அலுத்துப்போன முகம்.

"அடுப்பா? நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கீங்க. தொறங்க, எத்தனை பாட்டில்னு பாக்கலாம்."

"தாராளமாப் பாருங்க சார். காலி."

அவர் கதவைத் திறந்து கையை விட்டார். உமா இறங்கி, குடைக்குக் கீழ் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை முழங்கை வரை போனது. இன்னும் போனது. அவர் ஏதோ எட்டவில்லை என்பதுபோல ஒருக்களித்து, தோள்பட்டை வரை உள்ளே விட்டார். கன்னம் இரும்பில் பதிந்திருந்தது.

முழங்கை ஆழம்தானே என்று உமா நினைத்தாள். வேறெதுவும் நினைக்க முடியவில்லை.

அவர் முகம் அப்படியே நின்றது. வாய் திறந்தது. கையை வெடுக்கென்று இழுத்தார், வரவில்லை. காலால் அடுப்பை உதைத்து இரண்டாம் முறை இழுத்தபோது வந்தது. மழைக்கோட்டின் கை கிழிந்திருந்தது. அவர் குதித்து இறங்கி, விளக்குக்கு நேராகக் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிச் சாம்பல் தடம். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம்.

"உள்ள யாரு?" என்று கேட்டார். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"என்ன சார்?"

"திருப்பு. வண்டியத் திருப்புய்யா! இதத் தாண்டி விடமாட்டேன். எங்கேர்ந்து எடுத்தியோ அங்கயே கொண்டுபோய் வை."

கார்த்திகேசன் கெஞ்சினான், சட்டம் பேசினான், கடைசியில் கத்தினான். போலீஸ்காரர் அவனைப் பார்க்கவே இல்லை. சாவடிக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார்.

வண்டியைத் திருப்பினான். ஆனால் கருக்களாச்சேரிக்கு இல்லை. நெடுங்காட்டுப் பக்கம் போய், குரும்பகரம் வயல்களுக்கு நடுவே ஏதாவது சின்ன ரோட்டில் புகுந்தால் சாவடியே இல்லாமல் அந்தப் பக்கம் போய்விடலாம் என்றான்.

"அவரு கையைப் பாத்தீங்களா?"

"அடுப்புல கைய விட்டா கரி அப்பாம சந்தனமா அப்பும்?"

"விரல் தடங்க அது. அஞ்சு விரல்."

"உமா, வாய மூடிக்கிட்டு வா."

அவள் மூடிக்கொண்டாள். வருவது அழுகையா, கோபமா, பயமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற சம்பா வயல். தவளைகள் ஓயாமல் கத்தின. வண்டியின் விளக்கில் மழைக்கோடுகள் மட்டும். பின்னாலிருந்து அந்த வாடை இப்போது மூடிய கண்ணாடியையும் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அது நின்றதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வாய்க்காலை ஒட்டிய திருப்பத்தில் வண்டி பின்பக்கமாக இறங்கியது. சறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே, பின் சக்கரங்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கின. கார்த்திகேசன் ஸ்டியரிங்கைக் குத்தினான். ஏறி மிதித்தான். சேறு தெறித்ததே தவிர வண்டி அசையவில்லை.

"சரி. நீ ஜெயிச்ச. எறக்கித் தொலைச்சிடலாம். சந்தோசமா?"

இறங்கிப் பின்னால் போனான். கயிற்றை அவிழ்ப்பது கேட்டது. தள்ளுகிற முனகல் கேட்டது. "ச்சே!" என்றான். மறுபடி தள்ளினான். தகர டப்பா மாதிரி தூக்கிய அடுப்பு இப்போது நூலளவு கூட நகரவில்லை.

"உள்ள என்னமோ அடைச்சிருக்கு உமா. வாரிக் கொட்டிட்டா கனம் குறையும்."

"வேணாங்க! கைய விடாதீங்க!"

அவள் இறங்க வண்டிக் கதவைத் திறக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. இனியா.

"அம்மா, எப்ப வருவீங்க? அப்பா போனுக்கு அடிச்சேன், எடுக்கவே இல்ல."

"வந்துக்கிட்டே இருக்கோம்டா. அம்மா அப்புறம் பேசறேன்."

"யாரும்மா அவங்கல்லாம்?"

"எவங்க?"

"உன் பக்கத்துல பேசறவங்க. நிறைய பேரு பேசறாங்களே. கல்யாண வீடாம்மா?"

உமா மூச்சை அடக்கிக் கேட்டாள். மழை. தவளை. வேறு ஒன்றுமில்லை. பின்னால் முனகல் இல்லை. கால் சத்தம் இல்லை.

"என்னங்க?"

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னங்க!"

போனைக் கையில் பிடித்தபடியே இறங்கினாள். கணுக்கால் வரை சேறு. வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். தகரம் சூடாக இருந்தது. பின்கதவு திறந்து தொங்கியது. கார்த்திகேசனின் செருப்புகள் இரண்டும் வண்டித் தட்டின்மேல், அடுப்புக்கு முன்னால், ஜோடியாக இருந்தன. ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் கழற்றி வைப்பதுபோல.

அவன் இல்லை.

வாய்க்காலில் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். வயலில் பார்த்தாள். சேற்றில் அவன் ஏறிய தடம் இருந்தது. இறங்கிய தடம் இல்லை.

அடுப்பின் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சிவப்பு, கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து.

ஏறினாள். ஏன் ஏறினோம் என்று தெரியவில்லை. முட்டி போட்டாள். குனிந்தாள். அந்தத் தட்டளவு வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

பின்பக்க இரும்பு இல்லை.

நீளமாகப் போனது. தாழ்ந்த கூரை. தணல் வெளிச்சம். இரண்டு பக்கச் சுவரோரமும் ஆட்கள். முட்டியைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஆண்கள். பெண்கள். தலை முதல் கால் வரை சாம்பல். யாரும் எரியவில்லை. யாரும் அழவில்லை. கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

முன் வரிசையில் மூன்றாவது ஆள் கார்த்திகேசன். நனைந்த சட்டையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தான். பயம் இல்லை அந்த முகத்தில். இவ்வளவு நேரமா என்கிற சலிப்புத்தான்.

அவள் கதவின் விளிம்பைப் பற்றினாள். 

அவன் முழங்கையால் பக்கத்து ஆளை இடித்தான். அந்த ஆள் அடுத்த ஆளை இடித்தான். அப்படியே ஒருவர்பின் ஒருவராக அந்த வரிசை முழுவதும், சாம்பலில் உரசும் சத்தத்தோடு, நகர்ந்து உட்கார்ந்தது. கார்த்திகேசனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாயிற்று.

"அம்மா?" என்றது கையிலிருந்த போன். "அம்மா, இருக்கியா?"

அத்தனை சாம்பல் முகங்களும் அந்தக் குரலுக்குத் திரும்பின.

பிறகு, இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

இன்னொரு இடம். அதைவிடச் சின்னது.